ஃபவுல் கணக்கு ஆறுக்கு ஒன்று

கூடைப்பந்து நடுவர் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எழுத்துத் தேர்வைப் பற்றித்தான். அதற்கு அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. ஃபிபாவின் (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிப்புத்தகத்தைப் பொறுமையாகப் படித்தால், ஓர் அணி ஷூட் செய்யக் கிடைக்கும் நேரத்தைக் காட்டும் 24 நொடிக் கடிகாரத்தை எப்போது 14-க்குத் திருப்ப வேண்டும், ஒரு குவார்ட்டரில் எத்தனையாவது அணி ஃபவுலிலிருந்து இரண்டு ஃப்ரீ த்ரோ என்பதெல்லாம் மனதில் தங்கிவிடும். பீப் ஒலிக்கு ஏற்ப 20 மீட்டரை மாறி மாறி ஓடும் உடற்தகுதி ஓட்டமும் பழகினால் வந்துவிடும். திணறடித்தது வீடியோ வகுப்புதான்.

ஒரு காட்சி. பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறவரின் இடுப்பில் டிஃபெண்டரின் உள்ளங்கை, அரை நொடி இருக்கும். பயிற்றுநர் நிறுத்திவிட்டு, "ஃபவுல்னு சொல்றவங்க கை தூக்குங்க" என்றார். பாதிப் பேர் தூக்கினார்கள். எல்லோரும் படித்தது ஒரே புத்தகம். அப்புறம் வேறு காட்சிகளுக்கு நடுவே, சொல்லாமல் அதையே மறுபடி ஓட்டினார். முதலில் கை தூக்கியவர்களில் சிலர் இந்தத் தடவை தூக்கவில்லை. ஆளுக்கு ஆள் அளவு மாறுவது தெரிந்த கதை. ஒரே ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் மாறுகிறது என்பதை அன்றுதான் பார்த்தோம்.

"கையையே பார்க்காதீங்க. பந்து வச்சிருக்கிறவரோட அடுத்த காலடியைப் பாருங்க" என்றார். கை பட்டும் கால் நேராக ரிங்கை நோக்கிப் போனால் ஆட்டம் தொடரட்டும். கால் வெளிப்பக்கம் ஒதுங்கினால், வேகம் அறுந்தால், ஃபவுல். யாருக்கும் சாதகமோ பாதகமோ தராத தற்செயல் உரசலுக்காக ஆட்டத்தை நிறுத்த வேண்டாம் என்றுதான் விதிப்புத்தகமும் சொல்கிறது. எந்தக் காட்சியையும் அவர் முதலில் இயல்பான வேகத்தில்தான் ஓட்டுவார். ஸ்லோ மோஷனில் பார்த்தால் மூச்சு விடுவதுகூட ஃபவுல் மாதிரி தெரியும்.

செய்முறைத் தேர்வு நிஜ ஆட்டத்தில், இரண்டு நடுவர் முறையில் நடந்தது. என்னோடு நின்றவர் சீனியர். ஆட்டத்துக்கு முன் அவர் கேட்டது ஒரே கேள்வி: "ரீபவுண்ட்ல முதுகைத் தள்ளினா எப்ப எடுப்பீங்க?" ரிங்கில் விழாமல் திரும்பும் பந்துக்குப் பாயும் தருணம் அது. பேசி முடிவு செய்தோம். தள்ளியவர் பக்கம் பந்து போனால் ஃபவுல்; தள்ளப்பட்டவரே பந்தைப் பிடித்துவிட்டால், முரட்டுத்தனம் இல்லாத வரை விட்டுவிடுவது. ஒருவர் எண்ட்லைனிலும் இன்னொருவர் பந்துக்குப் பின்னாலும் நிற்கும்போது, இப்படிப் பேசி வைக்காவிட்டால் ஒரு ரிங்கில் ஒரு சட்டம், அடுத்த ரிங்கில் இன்னொரு சட்டம் என்றாகிவிடும்.

ஓர் அணி முழு கோர்ட்டிலும் ஆளுக்கு ஆள் நெருக்கி ஆடியது. மற்றது 2-3 ஸோனில், அதாவது முன்னால் இருவர், ரிங் பக்கம் மூவர் என்று இடத்தைக் காத்து, பின்வாங்கி நின்றது. இரண்டாவது குவார்ட்டர் முடிய நிறைய நேரம் இருக்கும்போதே ஃபவுல் கணக்கு ஆறுக்கு ஒன்று. ஐந்தாவதிலிருந்து ஒவ்வொரு டிஃபென்ஸ் ஃபவுலுக்கும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ என்பதால், நெருக்கி ஆடிய அணியின் கோச் கொதித்துப் போனார். "சார், ஆறு ஒண்ணு! போர்டைப் பாருங்க!" நெருக்கி ஆடுகிறவர்களுக்கு ஃபவுல் கூடத்தான் செய்யும், இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒன்றாக வர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. டைம் அவுட்டில் சீனியர் சொன்னார்: "நம்பரை விடுங்க. அந்தப் பக்கம் எடுத்ததை இந்தப் பக்கமும் எடுக்கிறோமா, அதை மட்டும் பாருங்க." நான் கோச்சிடம் போய், "உங்க பையன் இடுப்புல இருந்து கையை எடுத்துட்டா விசில் வராது கோச்" என்றேன். முணுமுணுத்தாலும், அவர் பையனைக் கூப்பிட்டுச் சொன்னார்.

மூன்றாவது குவார்ட்டரில் ஸோன் அணிக்காரர் ஒருவரின் கை அதே மாதிரி இடுப்பில் விழுந்தது, பந்து வைத்திருந்தவரின் கால் ஒதுங்கியது. விசில் ஊதினேன். கணக்கைச் சமன் செய்கிறேன் என்று நினைத்துக் கைதட்டியவர்களும் இருந்தார்கள். என்ன செய்வது!

கடைசிக் குவார்ட்டர்தான் உண்மையான சோதனை. இறுதி நிமிடங்களில் விசிலை விழுங்கிவிட வேண்டும், ஆட்டக்காரர்களே தீர்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு கட்சி உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊதாமல் விடுவதும் ஒரு தீர்ப்புதான். தள்ளியவருக்குச் சாதகமான தீர்ப்பு. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏ 2015 முதல் நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத் தீர்ப்புகளை அலசி வெளியிடும்போது, ஊதாமல் விட்டதையும் தவறு என்றே குறிக்கிறது. அன்று நான்கு ஃபவுலோடு இருந்த நட்சத்திர ஆட்டக்காரர் ரீபவுண்டில் முதுகைத் தள்ளிப் பந்தை எடுத்தார். ஆட்டத்துக்கு முன் பேசிய அதே தள்ளல். ஊதினேன். ஐந்தாவது ஃபவுல், அவர் வெளியே போனார். அரங்கமே என்னைத் திட்டியது.

மதிப்பீட்டாளர் மொத்த எண்ணிக்கையைப் பேசவே இல்லை. ஒரே மாதிரியான தருணங்களை ஜோடி ஜோடியாக லேப்டாப்பில் வைத்திருந்தார்: முதல் குவார்ட்டரின் கை, மூன்றாவதின் கை, இந்த ரிங்கின் தள்ளல், அந்த ரிங்கின் தள்ளல். ஒவ்வொன்றுக்கும் ஏன் ஊதினீர்கள், ஏன் விட்டீர்கள் என்று காரணம் கேட்டார். ஒரு ஜோடியில் மட்டும் ஒத்துப்போகவில்லை. இரண்டிலுமே டிஃபெண்டரின் உடம்பு முன்பே நிலைகொண்டுவிட்டது, சார்ஜ் (மோதியவர் மீது ஃபவுல்) என்றேன் நான். ஷூட் செய்தவர் அதற்குள் காற்றில் ஏறிவிட்டார், பிளாக் (டிஃபெண்டர் மீது ஃபவுல்) என்றார் அவர். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தும் தீரவில்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவில் எடுத்திருந்ததால் அதற்கு மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை.