டி-34-உம் ஜெர்மன் டாங்கிகளும்: வெல்டிங் பட்டறையிலிருந்து ஒரு பார்வை

இரண்டாம் உலகப் போரின் நடுத்தர டாங்கிகளில் எது சிறந்தது என்று பேச்சு வந்தால், பெரும்பாலோர் கவசத்தின் தடிமனையும் பீரங்கியின் விட்டத்தையும் வைத்தே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். ராணிப்பேட்டையில் கொதிகலன் பாகங்கள் செய்யும் பட்டறையில் பல ஆண்டுகளாகத் தகடுகளைப் பற்றவைத்துவரும் எனக்கு, உள்ளே எத்தனை பேர் உட்கார்ந்தார்கள், தகடுகளை எப்படி இணைத்தார்கள், பழுதானால் எப்படிக் கழற்றினார்கள் என்பவையே முக்கியமாகப் படுகின்றன.

எண்களை மட்டும் பார்த்தால் 1941-இல் சோவியத் படை தோற்றிருக்கவே கூடாது. மிகயீல் கோஷ்கின் தலைமையில் கார்கிவில் உருவான டி-34-இன் முன்தகடு 45 மில்லிமீட்டர்தான். ஆனால் செங்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்திருந்ததால், நேராக வரும் குண்டு 90 மில்லிமீட்டர் இரும்பைக் கடந்தாக வேண்டும். 76.2 மில்லிமீட்டர் பீரங்கியும் 500 குதிரைத்திறன் கொண்ட வி-2 டீசல் எஞ்சினும் அதற்கு இருந்தன. எதிரில் நின்ற ஜெர்மன் டாங்கிகளான பான்சர் 3-இடமும் குட்டைக் குழல் பான்சர் 4-இடமும் இவற்றுக்கு ஈடாக எதுவும் இல்லை.

ஆனால் டி-34-இன் சுழல்கோபுரத்தில் இருவருக்குத்தான் இடம். கமாண்டரே குறிபார்த்துச் சுட வேண்டும். குறிக்கண்ணாடியில் கண்ணை வைத்த நொடியில் சுற்றிலும் நடப்பது அவருக்குத் தெரியாமல் போய்விடும். ரேடியோ பெரும்பாலும் தலைமை வண்டிகளில் மட்டுமே இருந்ததால், மற்றவர்கள் கொடியைப் பார்த்துப் பின்தொடர்ந்தார்கள். பான்சர் 4-இலோ மூவர் இருந்தார்கள்: ஒருவர் குண்டு ஏற்ற, ஒருவர் சுட, கமாண்டர் உச்சியிலிருந்த பார்வைக் கூண்டிலிருந்து நாலாபுறமும் கவனித்துக்கொண்டு, தொண்டையில் கட்டிய மைக் வழியாகக் கட்டளையிட்டார். கம்மவான்பேட்டைக்காரரான என் மாமா கவசப் படையில் டி-72 ஓட்டி ஓய்வு பெற்றவர். இதைச் சொன்னதும், "மொதல்ல எவன் பாக்குறானோ அவன்தான் மாப்ள பொழைப்பான்" என்றார். (அவர் ஓட்டிய வண்டியின் எஞ்சினும் அந்த வி-2-இன் வழிவந்ததுதான்.)

1942-இல் பான்சர் 4-க்கு நீண்ட குழல் கொண்ட 75 மில்லிமீட்டர் பீரங்கி வந்ததும் டி-34-இன் கவசமும் பழைய பாதுகாப்பைத் தரவில்லை. அந்த நிலையில் சோவியத் தரப்பைத் தாங்கி நிறுத்தியதில் வெல்டிங்குக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் உறுதியான கருத்து. 1941-இல் கார்கிவ் தொழிற்சாலை யூரல் மலைப்பகுதியின் நிஸ்னி தாகிலுக்கு இடம்பெயர்ந்தது; எவ்கேனி பாட்டனின் மின்வெல்டிங் ஆய்வு நிலையமும் அங்கேயே வந்து சேர்ந்தது. அவர்கள் டாங்கித் தகடுகளுக்குப் பயன்படுத்திய முறையை நாங்கள் இன்றும் 'சப்மெர்ஜ்டு ஆர்க்' என்ற பெயரில் செய்கிறோம். உருகும் உலோகத்தைக் காற்றுப் படாமல் மூடும் ஃப்ளக்ஸ் பொடிக்கு அடியில் ஆர்க் (மின்பொறி) எரிவதால் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் வெளியே வராது. வேகத்தையும் கம்பியின் ஓட்டத்தையும் இயந்திரமே பார்த்துக்கொள்ளும். ஆறியதும் பொடியை ஒதுக்கி, மேலே படிந்த கசடான சிலாக்கைத் தட்டினால், அது ஓடுபோல் உரிந்து, ஒரே சீரான தையல் தெரியும். கை வெல்டிங்கில் அந்தத் தரத்துக்கு வர ஒரு பையனுக்கு ஆண்டுகள் ஆகும். தேர்ந்த வெல்டர்கள் போதாத காலத்தில், இளைஞர்களையும் பெண்களையும் குறுகிய காலத்தில் பழக்கி டாங்கி உடல்களை இணைக்க முடிந்தது இதனால்தான்.

ஜெர்மானியர்களின் பதில் பாந்தர். 55 பாகை சாய்ந்த 80 மில்லிமீட்டர் முன்தகடு, மிக நீண்ட 75 மில்லிமீட்டர் பீரங்கி, ஏறத்தாழ 45 டன் எடை. தகடுகளை ஒன்றோடொன்று கோத்து அதன்மேல் பற்றவைத்திருப்பதைப் படங்களில் பார்க்கும்போது, ஒரு தொழிலாளியாக அந்த வேலைப்பாட்டின் மேல் எனக்கு மரியாதை வருகிறது. ஆனால் எஞ்சினின் விசையைச் சங்கிலிப் பட்டைக்குக் கடத்தி அந்த எடையை நகர்த்திய இறுதிப் பற்சக்கரங்கள் பலவீனமானவை. 1943 ஜூலையில் கூர்ஸ்க் போருக்கு வந்த 200 பாந்தர்களில் பெரும்பாலானவை, கண்ணிவெடி, குண்டடி, இயந்திரக் கோளாறு என்று ஏதோ ஒன்றால் சில நாட்களிலேயே முடங்கின. கியர்பெட்டியை எடுக்க ஓட்டுநருக்கு மேலுள்ள கூரைத் தகட்டைக் கழற்றித் தூக்க வேண்டும். டி-34-இன் கியர்பெட்டியும் தொடக்கத்தில் மோசமானதே. குண்டு படாமலே வழியில் கைவிடப்பட்ட வண்டிகள் ஏராளம். என்றாலும் அது பின்பக்கம் இருந்ததால், பின்தகட்டைத் திறந்து கை வைக்க முடிந்தது.

1944-இல் 85 மில்லிமீட்டர் பீரங்கியோடும் மூவர் அமரும் கோபுரத்தோடும் டி-34-85 களத்துக்கு வந்தது. நேருக்கு நேர் நின்றால் பாந்தரின் முன்தகட்டைத் தொலைவிலிருந்து துளைக்க அதனாலும் முடியாது. ஆனால் ஜெர்மனி போர் முழுவதும் கட்டிய பாந்தர்கள் சுமார் 6,000. பான்சர் 4 சுமார் 8,500. டி-34 வகைகளோ 50,000-க்கும் மேல். பழுதுபார்க்கும் பிரிவின் பொறுப்பை என்னிடம் கொடுத்தால், தயங்காமல் டி-34-85-ஐத்தான் கேட்பேன்.