மால்அப்சார்ப்ஷன் கேஸில் நான் தவறவிட்ட ஒரு வரி

மருத்துவ இறுதியாண்டு வாய்மொழித் தேர்வில் எனக்கு வந்த மால்அப்சார்ப்ஷன் (குடல் சத்தை உறிஞ்சாத நிலை) கேஸ் இது. 26 வயதுப் பெண், எடை குறைகிறது, மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. கோதுமையிலுள்ள குளூட்டனால் சிறுகுடல் சுவர் கெடும் செலியாக் நோய்க்கான ரத்த ஆன்டிபாடி டெஸ்ட், டிடிஜி ஐஜிஏ, நெகட்டிவ் என்று பார்த்ததும் "செலியாக் இல்லை சார்" என்று சொல்லிவிட்டேன். தேர்வாளர் ஒன்றும் பேசாமல் ரிப்போர்ட்டின் அடுத்த வரியில் பேனாவை வைத்தார். ஐஜிஏ என்ற ஆன்டிபாடி வகையின் மொத்த அளவு கிட்டத்தட்ட பூஜ்யம். உடம்பில் ஐஜிஏவே இல்லாதவருக்கு அந்த ஆன்டிபாடி மட்டும் எங்கிருந்து வரும்? செலியாக் உள்ளவர்களில் 2 முதல் 3 சதவீதம் பேர் இப்படித்தான், அவர்களுக்கு ஐஜிஜி என்ற வேறு ஆன்டிபாடி வகையின் டெஸ்ட் கேட்க வேண்டும். அன்றிலிருந்து இந்த இரண்டையும் நான் பிரித்துப் படித்ததே இல்லை.

அப்புறம், நோயாளி கோதுமையை ஏற்கெனவே நிறுத்திவிட்டாரா என்று கட்டாயம் கேளுங்கள். நிறுத்தியிருந்தால் ரத்தமும் பயாப்ஸியும் இரண்டுமே ஏமாற்றும். பயாப்ஸி என்றால் டியோடினத்தின் (சிறுகுடலின் தொடக்கம்) இரண்டாம் பகுதியில் குறைந்தது 4 துண்டு, அதன் முதல் பகுதியான பல்பில் 1 அல்லது 2, ஏனென்றால் பாதிப்பு திட்டுத்திட்டாக இருக்கும். எச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 என்ற மரபணு வகைகள் இரண்டும் இல்லையென்றால் செலியாக்கை ஏறக்குறைய ஒதுக்கிவிடலாம், இருந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

குடல்சுவரில் விரல் போல நீண்டிருக்கும் வில்லஸ்கள் தட்டையாகிவிட்டன என்றாலே செலியாக் என்று எழுதுவதுதான் பலர் மார்க்கை விடும் இடம். வெப்பமண்டல நாடுகளில் வரும் குடல்நோயான டிராபிகல் ஸ்ப்ரூ, ஜியார்டியா ஒட்டுண்ணி, ஏன், ரத்தக்கொதிப்புக்குக் கொடுக்கும் ஓல்மிசார்டான்கூட அதே படத்தைக் காட்டும். ஸ்ப்ரூவில் ஃபோலேட்டோடு பி12உம் சேர்ந்து குறைவது நல்ல துப்பு. பயாப்ஸியில் பிஏஎஸ் சாயம் பிடித்த மேக்ரோஃபேஜ் (விழுங்கு செல்) என்றால் விப்பிள் என்ற பாக்டீரியா நோயை நினையுங்கள், ஆனால் எச்ஐவி உள்ளவரிடம் எம்ஏசி (காசநோய்க் கிருமியின் உறவு) தொற்றும் அதே படத்தைக் காட்டும், ஆசிட்-ஃபாஸ்ட் சாயம் இரண்டையும் பிரிக்கும்.

மலத்தில் கொழுப்பு போகிறது, ஆனால் குடல்சுவரா கணையமா என்று தெரியவில்லை. இங்கே டி-சைலோஸ் டெஸ்டின் காரணத்தைப் புரிந்துகொண்டால் போதும், மனப்பாடமே தேவையில்லை. குடிக்கக் கொடுக்கும் சைலோஸ் என்ற சர்க்கரையை உறிஞ்ச கணைய என்சைம் வேண்டாம், சுவர் நன்றாக இருந்தால் போதும். அதனால் சைலோஸ் நார்மல் என்றால் கணையத்தைச் சந்தேகித்து மலத்தில் எலாஸ்டேஸ் (கணைய என்சைம்) அளவு கேளுங்கள். குறைந்தால் சுவர், ஆனால் சிறுகுடலில் பாக்டீரியா பெருகியிருந்தாலும் அவையே சைலோஸைத் தின்றுவிடும், சிறுநீரகம் கெட்டிருந்தாலும் சிறுநீரில் குறைவாகத்தான் வரும்.

படிக்கும்போது நண்பரிடம் ஒரே ஒரு ரிசல்ட்டை மட்டும் சொல்லி, அடுத்து என்ன கேட்பாய், ஏன் என்று கேளுங்கள். எங்கள் அறையில் தேர்வுக்கு முந்தைய பத்து நாளும் இதுதான் நடந்தது.