84 வோல்ட் பிளக்கும் நான்கு வயது விரலும்: செய்து பார்த்தது

கே.வி. குப்பம் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்ன மாந்தோப்பு இருக்கிறது. அங்கே தண்ணீர் கேன், உர மூட்டை இழுப்பதற்காகப் பழைய மொபெட் ஒன்றை மின் வண்டியாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். ரோட்டில் ஓடாது, தோப்புக்குள் மட்டும்தான். பேட்டரி 72 வோல்ட். அதாவது 20 செல் வரிசை, முழுதாக ஏறினால் 84 வோல்ட். தோப்பில் சார்ஜ் போட வசதி இல்லாததால் பேட்டரிப் பெட்டியைக் கழற்றிக் காட்பாடி வீட்டுக்கு எடுத்து வர வேண்டும். ஆகவே தினமும் கையால் பிடுங்கிச் செருகும் பிளக் ஒன்று வேண்டும்.

முதலில் போட்டிருந்தது சாதாரண புல்லட் கனெக்டர்தான். சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கழற்றிய பேட்டரியைத் திண்ணையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால் அக்கா மகள் அதன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள். நான்கு வயது. "இன்னா மாமா இது, ஓட்டைக்குள்ள தங்கமா மின்னுது?" என்று விரலை நீட்டினாள். பாய்ந்து போய் அவள் கையைப் பிடித்தேன். தொடவில்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து ஒரு தகப்பனும் மகளும் இறந்ததிலிருந்தே அக்காவுக்கு இந்த பேட்டரி சமாச்சாரம் எதுவுமே பிடிக்காது. அவளிடம் இதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. வண்டி வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, பிளக்கை மட்டும் முதலில் ஒழுங்காகச் செய்வது என்று முடிவெடுத்தேன்.

எது தொடக்கூடாத மின்சாரம்

மின் வாகனங்களில் நேர்மின்சாரம் 60 வோல்ட்டைத் தாண்டினாலே உயர் அழுத்தம் என்று கணக்கு. மாறுமின்சாரம் என்றால் 30 வோல்ட். கார்களில் ஆரஞ்சு நிறக் கேபிள் ஓடுவது இதற்காகத்தான். 400 வோல்ட், 800 வோல்ட் கார் எங்கே, என் மொபெட் எங்கே என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். என் 84 அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறது. அதிலும் கத்திரி வெயிலில், தோப்பில் வேர்த்து ஊறிய கையில் தோலின் தடை எவ்வளவு இருக்கும்?

தொடுகைப் பாதுகாப்புக்கு அளவுகோல் ஒரு விரல். இந்தப் பாதுகாப்புத் தரத்தை ஐபி எக்ஸ்எக்ஸ்பி என்பார்கள். 12 மி.மீ. விட்டம், 80 மி.மீ. நீளம், மனித விரல் மாதிரியே இரண்டு மூட்டு. அந்த உலோக விரலை எந்தத் துளையில் எப்படி வளைத்து நுழைத்தாலும் மின்சாரம் உள்ள பாகத்தைத் தொடக்கூடாது. பயணிகள் உட்காரும் இடம், சாமான் வைக்கும் இடம் என்றால் இன்னும் கடுமை: 1 மி.மீ. தடிமனும் 100 மி.மீ. நீளமும் உள்ள கம்பியே தொடக்கூடாது. அது ஐபி எக்ஸ்எக்ஸ்டி. இந்தியாவில் கார்களுக்கான ஏஐஎஸ் 038, ஸ்கூட்டர் வகைக்கான ஏஐஎஸ் 156 ஆகிய விதிகளும் இந்த வழிதான்.

விரல் செய்தது

காட்பாடி லேத் பட்டறை அண்ணனிடம் பித்தளை ராடைக் கொடுத்தேன். நுனியிலிருந்து 30 மி.மீ.யில் ஒரு மூட்டு, 60 மி.மீ.யில் ஒரு மூட்டு. இரண்டும் ஒரே பக்கமாக 90 டிகிரி மடங்க வேண்டும். நுனி ஆப்பு மாதிரி சரிந்து உருண்டு முடிய வேண்டும். 80 மி.மீ.க்கு மேல் உள்ளே போகாதபடி ஒரு தடுப்புத் தகடு. வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாப்பா இது, விரலு மாதிரி கீது?"

"விரல்தாண்ணே."

விஷயத்தைச் சொன்னதும் அவர் அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். மூட்டுக்கு இரண்டு தடவை திரும்பச் செய்தார், ஆட்டம் இருக்கக் கூடாது என்று.

சோதனை இப்படி: பேட்டரியைக் கழற்றித் தூர வைத்தாயிற்று. பவர் சப்ளையை 45 வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பிளக்கின் உலோகப் பாகத்திலும் மறு முனையைச் சின்ன விளக்கு வழியாகப் பித்தளை விரலிலும் இணைக்க வேண்டும். விதி சொல்வது 40 முதல் 50 வோல்ட் வரை. விரலை 10 நியூட்டன் விசையில் அழுத்த வேண்டும். பிளக்கை மளிகைத் தராசின் மேல் வைத்து, முள் ஒரு கிலோ காட்டும்வரை அழுத்தினேன். விளக்கு எரிந்தால் தோல்வி.

பழைய புல்லட் கனெக்டரில் விரலை வைத்த உடனே விளக்கு பளிச்சென்று எரிந்தது. அந்த வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கூடு

பேட்டரிப் பக்கம் துளை உள்ள சாக்கெட், வண்டிப் பக்கம் பின் உள்ள பிளக். மின்சாரம் எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் உலோகம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நம் வீட்டுச் சுவரிலும் அப்படித்தானே.

கூட்டை 3டி பிரின்டரில் அச்சிட்டேன். சாக்கெட்டின் முதல் அச்சில் துளை 10 மி.மீ., உலோகம் 3 மி.மீ. உள்ளே. 12 மி.மீ. விரல் 10 மி.மீ. துளையில் எப்படிப் போகும் என்று எண்ணிவிட்டேன். விரலின் உடம்பு போகாது, நுனி போகும். விளக்கு எரிந்தது. இரண்டாவது அச்சில் பின்னை 6 மி.மீ. ஆக்கி, துளையை 7 மி.மீ. ஆக்கி, உலோகத்தை 9 மி.மீ. உள்ளே தள்ளினேன். எந்தக் கோணத்தில் அழுத்தியும் விளக்கு எரியவில்லை.

பின் உள்ள பிளக் பக்கம்தான் கஷ்டம். பின் என்றாலே வெளியே நீட்டிக்கொண்டிருப்பது. கார் கனெக்டர்களில் இதற்கு அழகான வழி வைத்திருக்கிறார்கள்: பின்னின் நுனிக்கு மின்சாரம் கடத்தாத தொப்பி, சுற்றிலும் பின்னைவிட உயரமான பிளாஸ்டிக் சுவர். சுவருக்கும் தொப்பிக்கும் நடுவே விரல் இறங்க இடம் இருக்காது. அதையே செய்தேன். பித்தளைப் பின்னின் நுனியில் மரை போட்டு, நைலான் ராடில் 8 மி.மீ. நீளத் தொப்பி கடைந்து திருகினேன். ஒவ்வொரு பின்னையும் சுற்றி 11.6 மி.மீ. உள்விட்டத்தில் குழாய்ச் சுவர், பின்னைவிட 2 மி.மீ. உயரம். சாக்கெட்டின் மூக்கு 11 மி.மீ., சுவருக்குள் சரியாக இறங்குகிறது. விரல் தொப்பியில் முட்டி நின்றுவிட்டது.

முதல் கூட்டை பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழையில் அச்சிட்டது தப்பு. மே மாத வேலூர் வெயிலில் சீட்டுக்கு அடியில் இரண்டு நாள் வைத்ததும் குழாய்ச் சுவர் ஒருபக்கம் சாய்ந்து பின்னின் பக்கவாட்டைக் காட்டியது. பிஎல்ஏ 60 டிகிரியை ஒட்டியே இளகும் பொருள், வெயிலில் நிற்கும் வண்டியின் தகரம் அதைச் சுலபமாக எட்டும். பெட்ஜி என்ற இழைக்கு மாறினேன், நிற்கிறது. ஆனால் தீப்பிடித்தால் தானே அணையும் தன்மை அதற்கும் இல்லை.

12 மி.மீ. யாருடைய விரல்?

விளக்கு எரியாத சந்தோஷத்தில் இருந்தபோதுதான் வெர்னியரை எடுத்து அக்கா மகளின் ஆள்காட்டி விரலை அளந்தேன். 9 மி.மீ. சுண்டுவிரல் 7.

பெரியவர் விரலுக்குச் செய்த அளவு அவளைக் காப்பாற்றாது. தேடினால், வீட்டுச் சாதனங்களுக்கான சோதனையில் பிள்ளைகளுக்கென்றே தனி விரல்கள் இருக்கின்றன: மூன்று வயதுக்கு மேல் 14 வரை 8.6 மி.மீ., அதற்குக் கீழே 5.6 மி.மீ. என் வண்டிக்கு இவை கட்டாயம் இல்லை. ஆனால் இந்தப் பெட்டி இருக்கப்போவது திண்ணையில். பட்டறை அண்ணனிடம் மறுபடி போனேன். 5.6 மி.மீ. விரலைக் கடைந்து கையில் கொடுத்தபோது அவர் ஒன்றும் பேசவில்லை. அவர் வீட்டிலும் கைக்குழந்தை இருக்கிறது.

8.6 இரண்டு பக்கமும் தேறியது. 5.6 பின் உள்ள பிளக்கில் தேறியது, சாக்கெட்டில் தோற்றது: 7 மி.மீ. துளையில் நேராக இறங்கி உலோகத்தைத் தொட்டுவிட்டது. துளையைச் சிறிதாக்கினால் பின்னையும் மெலிதாக்க வேண்டும், பின் மெலிந்தால் சூடாகும். 1 மி.மீ. கம்பிக்கோ எந்தத் துளையும் போதும். பிள்ளைகள் கையில் ஊக்கு, ஹேர்பின் எல்லாம் இருக்கிறது. பிளாஸ்டிக்கால் மட்டும் இது முடியாது. பிடுங்கிய சாக்கெட்டில் மின்சாரமே இருக்கக் கூடாது.

பிடுங்கினால் செத்துப் போக வேண்டும்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஓரச் சார்ஜிங் நிலையத்தில் தொங்கும் துப்பாக்கி மாதிரியான பிளக்கைப் பாருங்கள். அதன் துளைகளில் மின்சாரம் இல்லை. வண்டியில் செருகி, மெல்லிய பின்கள் வழியாக இரண்டும் பேசிக்கொண்ட பிறகுதான் பெரிய பின்களுக்கு மின்சாரம் வரும். காருக்குள் இருக்கும் ஆரஞ்சு கனெக்டர்களிலும் இப்படி ஒரு மெல்லிய கம்பிச் சுற்று ஓடுகிறது. இன்டர்லாக் என்பார்கள். கனெக்டரை இழுத்தால் முதலில் இந்தச் சுற்று அறுபடும், உடனே பேட்டரிக்குள் இருக்கும் காண்டாக்டர் என்ற பெரிய மின்காந்தச் சுவிட்ச் விழும் (திறந்துகொள்ளும்), அதன் பிறகே பெரிய பின்கள் விலகும்.

நானும் பேட்டரிப் பெட்டிக்குள் ஒரு காண்டாக்டர் வைத்தேன். அதன் காயிலுக்குப் போகும் 12 வோல்ட், பிளக்கில் இருக்கும் குட்டையான மெல்லிய பின் வழியாக வண்டிக்குப் போய், சாவியைக் கடந்து, இன்னொரு மெல்லிய பின் வழியாகத் திரும்பி வர வேண்டும். பெரிய பின்கள் 22 மி.மீ. ஆழம் செருகுகின்றன, மெல்லியவை கடைசி 4 மி.மீ.யில்தான் தொடும்.

பிடுங்கினேன். உள்ளே டக் என்று காண்டாக்டர் விழுந்த சத்தம். சாக்கெட்டில் மீட்டரை வைத்தேன். 83 வோல்ட்!

அரை நாள் மண்டை காய்ந்தது. காரணம் ப்ரீசார்ஜ் ரெசிஸ்டர். மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் காலி கெப்பாசிட்டர்கள் திடீரென்று மின்சாரத்தை உறிஞ்சினால் காண்டாக்டரின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். அதற்காக 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் காண்டாக்டருக்குக் குறுக்கே நிரந்தரமாகப் போட்டிருந்தேன். காண்டாக்டர் திறந்தாலும் அந்த 100 ஓம் வழியாக மின்சாரம் வெளியே வந்துகொண்டே இருக்கிறது. மனித உடம்பின் தடைக்கு முன்னால் 100 ஓம் ஒன்றுமே இல்லை. பலர் இப்படித்தான் போடுகிறார்கள், நானும் அவர்களைப் பார்த்துத்தான் போட்டேன். தயவுசெய்து போடாதீர்கள். அந்த ரெசிஸ்டருக்கும் தனி ரிலே (சின்ன மின்காந்தச் சுவிட்ச்) வைத்தேன், அதுவும் இன்டர்லாக் அறுந்தால் விழும். இப்போது சாக்கெட்டில் பூஜ்யம்.

மறந்த பக்கம்

அப்புறம் ஏதோ தோன்றி, பிடுங்கிய வண்டிப் பக்கத்துப் பிளக்கில் மீட்டர் வைத்தேன். பேட்டரியே இல்லாத பக்கம். ஒரு நிமிடம் கழித்து 79 வோல்ட், ஐந்து நிமிடம் கழித்து 62.

கன்ட்ரோலருக்குள் 470 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் நான்கு, மொத்தம் 1880. பேட்டரி போன பிறகும் அவை மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. பின்கள் இருக்கும் பக்கமும் இதுதான். கருவியில்லாமல் கையால் பிடுங்கும் கனெக்டர் என்றால், பிடுங்கிய ஒரு வினாடிக்குள் 60 வோல்ட்டுக்கு இறங்க வேண்டும் என்பது விதிகளில் உள்ள ஒரு வழி. கணக்குப் போட்டேன்: 84-லிருந்து 60-க்கு ஒரு வினாடியில் வர ஏறக்குறைய 1580 ஓம். கடையில் கிடைப்பது 1500 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர். நிரந்தரமாகப் போட்டால் வண்டி ஓடும்போதெல்லாம் 4.7 வாட் வீணாகச் சூடாகும். அதனால் இதையும் ரிலேயின் சாதாரண நிலையில் மூடியிருக்கும் முனையில் போட்டேன், காயிலுக்கு மூன்றாவதாக ஒரு மெல்லிய பின் சேர்த்து. இன்டர்லாக் உயிரோடு இருந்தால் ரெசிஸ்டர் விலகி நிற்கும், அறுந்தால் தானாகச் சேரும். பிடுங்கிய மூன்றாவது வினாடியில் மீட்டர் 30-ஐ ஒட்டி வந்தது, பத்தாவது வினாடியில் 3-க்குக் கீழே.

இன்னொன்றும் கவனித்தேன். பிடுங்கிய வண்டியைத் தள்ளினால் மோட்டார் சுற்றி அதே பின்களில் 6 வோல்ட் வரை ஏறுகிறது. தள்ளும் வேகத்தில் பயமில்லை, சரிவில் உருள விட்டால் கூடும். ரெசிஸ்டர் அதையும் தின்றுவிடுகிறது.

அந்த முதல் ஒரு வினாடி மட்டும் மனதை உறுத்தியது. வேகமாகப் பிடுங்கினால் 4 மி.மீ. என்பது கண் சிமிட்டும் நேரம். கார் கனெக்டர்களில் இதற்கு இரண்டு கட்ட நெம்புகோல் இருக்கும்: முதல் கட்டத்தில் இன்டர்லாக் மட்டும் விலகும், இரண்டாவதில்தான் பின்கள். நெம்புகோல் செய்யும் நுணுக்கம் என் கைக்கு வரவில்லை. பதிலாக மரை வளையம் போட்டேன். நான்கு சுற்று சுற்றினால்தான் பிளக் வெளியே வரும், முதல் சுற்று முடிவதற்குள் இன்டர்லாக் அறுந்துவிடுகிறது. எவ்வளவு அவசரமாகச் சுற்றினாலும் எனக்கு மூன்று வினாடிக்குக் குறையவில்லை.

இப்போதைய நிலை

ஜூன் கடைசி வாரம் வரை நாற்பது தடவை செருகிப் பிடுங்கியாயிற்று, ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கமும் அளந்து நோட்டில் எழுதியிருக்கிறேன். முழு பேட்டரியுடன் வேலை செய்யும்போது மின் வேலைக்கான கிளாஸ் 00 ரப்பர் கையுறை, அதற்கு மேல் தோல் கையுறை. மோதிரம், வாட்ச் கழற்றி வைத்துவிட வேண்டும். பக்கத்தில் ஒரு ஆள் இல்லாமல் தொடுவதில்லை.

பாக்கி: காண்டாக்டரின் முனை ஒட்டிக்கொண்டால் சாக்கெட்டில் 84 அப்படியே நிற்கும், அதைக் காட்ட ஒரு சிவப்பு விளக்கு வேண்டும். சாக்கெட் வாய்க்கு ஸ்பிரிங் மூடி. தீப்பிடித்தால் தானே அணையும் யுஎல் 94 வி-0 தரத்தில் கூடு. ஐப்பசி மழைக்கு முன் நீர் புகாத ரப்பர் வளையம். மூடியின் ஸ்பிரிங்கைச் சின்னக் கையால் திறக்க முடியாத அளவுக்கு வைக்க வேண்டும். எவ்வளவு விசை என்று அளக்க அக்கா மகளை அடுத்த ஞாயிறு தராசை அழுத்தச் சொல்லியிருக்கிறேன். அக்காவிடமும் சொல்லிவிட்டேன், அன்று திண்ணையில் நடந்ததிலிருந்து எல்லாவற்றையும்.