வாசற்கல்லின் சூடு

எங்கள் லயத்து வாசலில் ஒரு கருங்கல் கிடந்தது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்ததும் அப்பாயி அதன்மேல் இரண்டு பாதத்தையும் ஊன்றித்தான் உட்காருவார். மஸ்கெலியாவில் பனி இறங்கிய பிறகும் அந்தக் கல்லில் பகல் வெயில் மிச்சம் இருக்கும்.

போன வாரம் உயர்தர வகுப்பில் வெப்பக் கதிர்வீச்சு படிப்பித்தபோது அந்தக் கல்லைப் பற்றிச் சொன்னேன். வேறு கோள்களின் கல்லையும் இப்படித்தான் அறிகிறார்கள் என்றதும் ஒரு பிள்ளை கேட்டாள்: “தொடாம அது என்ன கல்லுன்னு எப்புடி டீச்சர் சொல்றது?”

மறுநாள் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் தம்பியிடம் துப்பாக்கி மாதிரி இருக்கும் வெப்பமானியை இரவல் வாங்கிப் போனேன். சூடான பொருள் விடும், கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிரைப் பிடித்துச் சூட்டைச் சொல்லும் கருவி அது. வெயிலில் காய்ந்த பாறையில் சரியாகக் காட்டியது. பக்கத்தில் கிடந்த புதுத் தகரத்திலோ பாறையில் காட்டியதில் பாதிகூட வரவில்லை. நம்பாமல் அவள் தகரத்தில் விரலை வைத்தாள், வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பளபளப்பான உலோகம் எவ்வளவு சுட்டாலும் கதிராக வெளியே விடுவது கொஞ்சம்தான்.

கல்லுக்குக் கல்லும் அந்த வேறுபாடு உண்டு. சிலிக்கனும் ஒட்சிசனும் பிணைந்து அதிரும் அலைநீளங்களில் கல் விடும் கதிர் குறையும். சிலிக்கா கூடிய கல்லில் அந்தப் பள்ளம் 9 மைக்ரோமீற்றரை ஒட்டி விழும். குறைந்த கல்லில் 10ஐத் தாண்டிப் போகும். கதிரை அலைநீளவாரியாகப் பிரித்துக் காட்டும் நிறமாலையில் பள்ளம் எங்கே என்று பார்த்தால் கல்லின் சாதி தெரிந்துவிடும். ஆனால் எங்கள் மூடுபனி போன்ற ஈரக் காற்று செங்கீழ்க் கதிரை விழுங்கிவிடும். அதனால்தான் தொலைகாட்டியை ஹவாயின் மௌனா கியாவில் 4,200 மீற்றர் உயரத்துக்கோ விண்வெளிக்கோ கொண்டுபோகிறார்கள்.

வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் எல்.எச்.எஸ். 3844 பி என்ற கோளைச் சொன்னேன். ஏறத்தாழ 49 ஒளியாண்டு தூரம். கொஸ்தாரிக்காவின் பிரிப்ரி மொழியில் அதற்குக் ‘குவாகுவா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், வண்ணத்துப்பூச்சி என்று பொருள். ஜன்னலுக்கு வெளியே தெரியும் சிவனொளிபாத மலையைச் சிங்களத்தில் சமனல கந்த, வண்ணத்துப்பூச்சி மலை, என்பார்கள். பிள்ளைகளின் முகம் மலர்ந்துவிட்டது.

கோள் தன் நட்சத்திரத்துக்குப் பின்னால் மறையும்போது மொத்த வெளிச்சத்தில் ஒரு துளி குறையும். அந்தத் துளிதான் கோளின் சொந்தச் சூடு. 2019இல் வெளியான ஸ்பிட்சர் விண்வெளித் தொலைகாட்டியின் அளவீட்டில் பகல் பக்கம் 770 பாகை செல்சியஸ் அளவில் இருந்தது. எரிமலைக் குழம்பு ஆறி உறைந்த கறுத்த பசால்ட் மாதிரிப் பாறை அதற்குப் பொருந்தியது, கிரனைட் பொருந்தவில்லை. ஆனால் அது 4.5 மைக்ரோமீற்றர் என்ற ஒரே அலைநீளம். பாறைக்குப் பெயர் வைக்க அது போதாது என்பதுதான் என் எண்ணம், பள்ளத்தைப் பார்த்தாக வேண்டும். ஜேம்ஸ் வெப் தொலைகாட்டியால் 5 முதல் 12 மைக்ரோமீற்றர் வரை பார்க்க முடியும்.

அந்தக் கோள் எப்போதும் ஒரே பக்கத்தைத்தான் நட்சத்திரத்துக்குக் காட்டுகிறது. இருட்டுப் பக்கத்தில் சூடே தென்படவில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசையில் அவள் கை உயர்ந்தது.

“சூட்ட அந்தப் பக்கம் கொண்டுபோக அங்க காத்து இல்லியா டீச்சர்?”