பத்து, ஒன்பது, எட்டு

பல்லடம் பக்கம்; ஊர் பேர் வேண்டாம். விசைத்தறிச் சத்தத்தில் பக்கத்து வீட்டில் அண்டா விழுந்தாலும் கேட்காது. தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாம் கேட்கும்.

அந்த வீட்டுப் பையன் என்னிடம் டியூஷன் வருகிறான். தெருவில் பைக் சத்தம் கேட்டால் பென்சில் நின்றுவிடும். வண்டி தாண்டிப் போனதும் மறுபடி எழுதுவான். ஒருநாள் முழங்கைக்கு மேலே வரிவரியாகத் தடிப்பு. "என்னாச்சு கண்ணு?" என்றேன். "அம்மாவ அடிக்கறப்ப குறுக்க போயிட்டனுங்கக்கா." ஏதோ அவன் தப்பு செய்த மாதிரி குரல்.

அவன் அப்பத்தாவிடம் சொன்னேன். "பொண்டாட்டியத்தான அம்மிணி அடிக்கறான், புள்ள மேல உசுரா இருப்பான்" என்றார். அம்மாவை அடிக்கிற கை பிள்ளைக்கு முன்னால் நின்றுவிடும் என்று யார் சொன்னது? மேலே படாவிட்டாலும், பார்த்துக்கொண்டே வளர்வதும் அடிதான். அடி வாங்கிய அம்மாவே ஆத்திரத்தைப் பிள்ளை மேல் இறக்குவதும் உண்டு. சொல்லக் கசக்கிறது, ஆனால் பார்த்திருக்கிறேன்.

பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயத்தில்தான் அந்தப் பெண் வாய் திறக்கவில்லை. 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுக்கும்போதே பிள்ளையைத் தற்காலிகமாகத் தன் பொறுப்பில் கேட்கலாம். அதைச் சொன்னதும்தான் நிமிர்ந்து பார்த்தார். உதவிக்குக் கூப்பிடும் போன் நம்பரும் சொன்னேன்: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. எழுதிக் கொடுக்கவில்லை, கண்ணில் பட்டால் வம்பு.

பையனுக்கு வாயாலேயே சொல்லிக்கொடுத்தேன்: பத்து, ஒன்பது, எட்டு.

"தலைகீழா எண்றதுங்களாக்கா?" என்று சிரித்தான்.