அத்தான்கிட்ட ஃபோனைக் கொடுங்க

அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்துக் கொலம்பஸிலிருந்து இண்டியானா மாநிலத்துப் புளூமிங்டனுக்குக் காரில் நாலு மணி நேரம். போன வருஷம் ஜூலையில் நானும் என் கூட்டாளியும் போனோம். வழி நெடுக இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மக்காச்சோளம். அங்கே இண்டியானா பல்கலைக்கழக வளாகத்தில் பெஸ்ட் பட்டீஸ் அமைப்பின் தலைமைத்துவ மாநாடு. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒருவருக்கொருவர் நண்பராக இருக்கத்தான் அந்த அமைப்பு.

என் கூட்டாளிக்கு 31 வயது. டவுன் சிண்ட்ரோம் உண்டு. ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்க்கிறார். இங்கே பிஎச்டி சேர்ந்த இரண்டாம் வருஷம் எங்கள் கல்லூரிக் கிளை மூலமாகப் பழக்கமானோம். வாரம் ஒரு தடவையாவது ஃபோன், மாதம் இரண்டு தடவையாவது நேரில் பார்ப்பது என்று கணக்கு வைத்திருக்கிறோம்.

இதைத் தமிழில் எழுத உட்கார்ந்ததுமே ஒரு இடத்தில் கை நின்றுவிட்டது. அவரை ‘அவர்’ என்பதா, ‘அவன்’ என்பதா? ஆங்கிலத்தில் இந்தக் கேள்வியே வருவதில்லை. என்னைவிட நாலு வயது மூத்தவர். அம்பாசமுத்திரத்தில் என் அத்தை மகனுக்கும் இதே டவுன் சிண்ட்ரோம்தான். அத்தானுக்கு நாற்பது நெருங்கிவிட்டது. இன்றைக்கும் தெருவில் பள்ளிக்கூடத்துப் பையன்கூட ‘ஏல, இங்க வா’ என்றுதான் கூப்பிடுவான். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை. அதனால் இங்கே ‘அவர்’ என்றே எழுதுகிறேன்.

போகிற வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினோம். கவுண்டரில் இருந்த பெண் என்னைப் பார்த்து, “இவருக்கு என்ன வேணும்?” என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை, “சிக்கன் சாண்ட்விச்” என்று சொல்லிவிட்டேன். அவருக்கு அது பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. காரில் ஏறி பெல்ட் போட்டுக்கொண்ட பிறகு சொன்னார்: “அவங்க உன்னைக் கேட்டது தப்பு. நீ பதில் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. அடுத்த தடவை சும்மா நில்லு.” சரி என்றேன். இண்டியானாபொலிஸ் தாண்டும்வரை அது மனதைக் குடைந்துகொண்டே இருந்தது.

மாநாட்டில் பேச்சுகள், பயிற்சிகள், ராத்திரி நடனம் எல்லாம் இருந்தன. நான் சொல்ல விரும்புவது பேச்சுப் பயிற்சியைப் பற்றி. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களை ‘அம்பாசிடர்’களாகத் தயார் செய்கிறார்கள். தன் கதையைத் தானே எழுதி, தானே மேடையில் நின்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் இவர்களைப் பற்றிப் பேசுவதற்கா பஞ்சம்? அம்மா பேசுவார், டாக்டர் பேசுவார், டீச்சர் பேசுவார்.

முதல் நாள் ராத்திரி விடுதி அறையில் கட்டிலில் உட்கார்ந்து அவர் ஒத்திகை பார்த்தார். ஒன்பது அட்டைகள், ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் மூன்று வரி. மூச்சு விட வேண்டிய இடத்தில் சிவப்புப் புள்ளி. புள்ளி வந்தால் விரலை அதன்மேல் வைத்து, மனதுக்குள் இரண்டு எண்ணிவிட்டு, விரலை எடுத்து அடுத்த வரிக்குப் போவார். ஏழாவது அட்டை என்னைப் பற்றியது. அவர் சொல்லச் சொல்ல நான்தான் அதை எழுதிக் கொடுத்திருந்தேன், கூடவே ‘அவன் எனக்கு நிறைய உதவி செய்கிறான்’ என்று நானாக ஒரு வரியும் சேர்த்திருந்தேன். அன்றைக்குத்தான் அதைக் கவனித்தார். பேனாவை வாங்கி அழுத்தி அடித்துவிட்டு, கீழே தன் கையெழுத்தில் எழுதினார்: ‘மூன்று தடவை லேட்டாக வந்தான். நான் கத்தினேன். இப்போது நேரத்துக்கு வருகிறான்.’ அப்புறம் அந்த வரிக்கு முன்னால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார்.

மறுநாள் முப்பது பேர் இருந்த வகுப்பறையில் அதை வாசித்தார். ஏழாவது அட்டையில் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது. உதவி வாங்குகிறவன் கத்த மாட்டான். நண்பன்தான் கத்துவான்.

அன்று சாயங்காலம் வளாகத்துக்குள் ஓடும் சின்ன ஓடை ஓரமாகத் தனியாக நடந்தேன். கேம்பஸ் ரிவர் என்று பெயர், நம்மூர் வாய்க்கால் அளவுதான் இருக்கும். 2020 வரை அதற்கு ஜோர்டான் ரிவர் என்று பெயர். டேவிட் ஸ்டார் ஜோர்டான் இந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். குறைபாடு உள்ளவர்கள் பிள்ளை பெறக் கூடாது என்று வாதாடிய யூஜெனிக்ஸ் கூட்டத்தின் முக்கியப் புள்ளி. அதனால்தான் பெயரை எடுத்தார்கள். அந்தக் கொள்கையை வைத்துக் கட்டாயக் கருத்தடைக்கு உலகிலேயே முதன்முதலாகச் சட்டம் போட்டது இதே இண்டியானா மாநிலம், 1907இல். 1921இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1927இல் வேறு உருவில் திரும்ப வந்தது, 1974இல்தான் ஒழிந்தது. அரசுக் காவலில் இருந்த சுமார் 2,500 பேருக்குக் கருத்தடை செய்திருக்கிறார்கள்.

இதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். சாப்பாட்டுக் கடை ஞாபகம் வந்தது. காலையில் சொன்னேன். “என்னை மாதிரி ஆட்களுக்கா?” என்றார். ஆமாம் என்றேன். 1974 என்றதும் விரல் விட்டு எண்ணினார். “எங்கம்மாவுக்கு அப்போ பன்னிரண்டு வயசு” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அந்த ஓடையைப் பார்க்க வேண்டும் என்றார். போய்ப் பார்த்தோம்.

பெஸ்ட் பட்டீஸை 1989இல் தொடங்கிய ஆந்தனி கென்னடி ஷ்ரைவருக்கு ரோஸ்மேரி கென்னடி பெரியம்மா. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த கென்னடியின் தங்கை, அறிவுசார் குறைபாடு உள்ளவர். 1941இல், 23 வயதில், அப்பாவின் முடிவில் மூளையில் அறுவை சிகிச்சை செய்து, நடையும் பேச்சும் போய், மிச்ச வாழ்நாளைப் பராமரிப்பு இல்லத்தில் கழித்தவர். அவருக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டார்களா?

அத்தானை நாங்கள் யாரும் கொடுமைப்படுத்தியதில்லை. பண்டிகைக்குப் புதுச் சட்டை உண்டு, வேளாவேளைக்குச் சாப்பாடு உண்டு. ஆனால் நான் ப்ளஸ் டூ முடித்த லீவில் கூட்டாளிகளோடு பாபநாசம் அகஸ்தியர் அருவிக்குக் கிளம்பினபோது, அத்தான் தலை சீவி, தோளில் துண்டு போட்டுக்கொண்டு, வாசலில் செருப்போடு நின்றார். ‘அப்புறம் கூட்டிட்டுப் போறேன், அத்தான்’ என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது அந்தத் துண்டு தோளிலேயே இருந்தது. அந்த ‘அப்புறம்’ இன்றுவரை வரவில்லை.

இத்தனை வருஷமாக ஊருக்கு ஃபோன் செய்தால் அத்தையிடம்தான் பேசுவேன். “அத்தான் எப்படி இருக்காக?” என்று கேட்பேன். “அவனுக்கென்ன, நல்லா இருக்கான்” என்பார். அத்தான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.

கொலம்பஸ் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, எனக்குக் காலை எட்டு மணி, அத்தையிடம் சொன்னேன்: “அத்தான்கிட்ட ஃபோனைக் கொடுங்க.” “அவன் என்னத்தப் பேசப் போறான்?” என்றார். கொடுங்க என்றேன்.

முதலில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. நான் மனதுக்குள் இரண்டு எண்ணினேன். பிறகு அத்தான் பேசினார். பாபநாசம் பஸ்ஸில் டிரைவர் மாறிவிட்டதாம், புது டிரைவர் ஹாரன் அடிப்பதில்லையாம். கண்டக்டர் டாட்டா காட்டுவாராம். அருவிக்குப் போகலாமா என்று நான் கேட்க வாயெடுத்தேன்.

“பஸ் வந்துட்டு, வைக்கேன்” என்று வைத்துவிட்டார்.