நெரிஞ்சிப்பேட்டையில் தூண்டில் போட்டு நீர்நாயிடம் தோற்ற கதை

முதலில் அந்த ஆட்டோக்காரரைத் திட்டிவிடுகிறேன், அப்புறம் மற்றதைப் பேசலாம். பவானியில் ஏறிய பஸ் அம்மாபேட்டையோடு நின்றுவிட்டது. மணி ஐந்தரை. தோளில் தூண்டில் கம்பு, கையில் மண்புழு டப்பா, எங்களைப் பார்த்ததுமே நெரிஞ்சிப்பேட்டைக்கு 350 ரூபாய் என்றார். "நாங்களும் ஈரோடுதானுங்ணா" என்றதற்கு, "அப்பொ முன்னூறு குடுங்க" என்று பதில். உள்ளூர்க்காரன் தள்ளுபடியே ஐம்பது ரூபாய்தான்! திரும்பும்போது அதே தூரத்துக்குப் பஸ்ஸில் கொடுத்தது வெறும் சில்லறை. வயிறு எரிந்தது.

இந்தப் பயணத்துக்கே காரணம் தூத்துக்குடியில் வேலை பார்க்கும் என் மாப்பிள்ளைதான். ஞாயிறானால் கடலுக்குப் போய்த் தூண்டில் போடுவான், ஓங்கில் கூட்டம் துள்ளுவதை வீடியோ எடுத்து அனுப்புவான். டால்பின்தான், தமிழில் ஓங்கில். அனுப்பிவிட்டு, "இதுக வந்தா அன்னிக்கு மீனே கடிக்காது" என்று அலுத்துக்கொள்வான். வெளிநாட்டுக் கடற்கரைகளில் இன்னும் மோசமாம், முள்ளில் மாட்டிய மீனைக் கரைக்கு இழுப்பதற்குள் சீல் என்கிற கடல்நாய் வந்து பறித்துக்கொண்டு போய்விடும் என்பான். நம் கடலில் சீல் கிடையாது. கொங்கு நாட்டுக்காரனுக்குக் கடலே கிடையாது, காவிரியும் பவானியும்தான். சரி, நம்ம ஆற்றில் என்ன வருகிறது பார்ப்போம் என்றுதான் கிளம்பினோம்.

நெரிஞ்சிப்பேட்டையில் கதவணை தேக்கி வைத்திருப்பதால் காவிரி அங்கே ஏரி மாதிரி அகலமாக, அசையாமல் கிடக்கிறது. மேட்டூருக்குக் கீழே இப்படி வரிசையாகக் கதவணைகள், ஒவ்வொன்றிலும் மின்சாரம் எடுக்கிறார்கள். கதவணைப் பக்கம் போகாமல் மேலே தள்ளி உட்கார்ந்தோம். மைதா உருண்டைக்கு ஒன்றும் கடிக்கவில்லை, மண்புழு மாட்டியதும் தக்கை முங்க ஆரம்பித்தது. எட்டு மணிக்குள் நாலு ஜிலேபி மீன், ஒரு கெண்டை. வலைப்பையில் போட்டுத் தண்ணீருக்குள்ளேயே கல்லில் கட்டி வைத்தோம். மத்தியானச் சாப்பாட்டுச் செலவு மிச்சம் என்று கணக்கும் போட்டாயிற்று.

அப்புறம் திடீரென்று ஒன்றுமே இல்லை. இருபது நிமிஷம் தக்கை ஆடவே இல்லை. எங்கிருந்தோ விசில் மாதிரி ஒரு கீச்சுச் சத்தம். கரையில் எவனோ விளையாடுகிறான் என்று நினைத்தேன். தண்ணீரில் ஒரு தலை. பக்கத்தில் இன்னொன்று. எண்ணினால் ஐந்து! நீர்நாய்கள். மீசை தெரிகிற தூரம், வழவழவென்று நனைந்த உடம்பு, தட்டையான வால். வில் மாதிரி வளைந்து வரிசை கட்டி மீனைக் கரைப் பக்கம் ஒதுக்கிக்கொண்டே வந்தன. ஒன்று மீனை இரண்டு கையிலும் பிடித்துக் கடித்துத் தின்றது, நாம் கரும்பு தின்கிற மாதிரி. எனக்குக் கம்பு கையில் இருப்பதே மறந்துவிட்டது. விருட்டென்று ஓர் இழுப்பு, தூண்டில் நரம்பு அறுந்து முள்ளோடு போனது. பரிசலில் போன பெரியவர் சிரித்தார்: "ஆத்துநாயிங்க வந்துட்டா நரம்பைச் சுருட்டிக்க வேண்டியதுதான் தம்பி. உம்பட பைய மொதல்ல பாரு." பார்த்தேன். பை கிழிந்து கிடந்தது. ஒரே ஒரு ஜிலேபி, அதுவும் தலை இல்லாமல்.

கோபம் வந்ததா என்றால் வந்தது, அரை நிமிஷம். பங்களாதேஷில் ஒரு பகுதி மீனவர்கள் இதே நீர்நாயைப் பழக்கி வலைக்குள் மீனை விரட்ட வைப்பார்கள், இங்கே எங்கள் வலையைக் கிழித்து விருந்து. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பையன்கள் கல்லெடுத்து எறிந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை, நன்றாகவே கத்திவிட்டேன். சட்டப்படி காப்பாற்றப்படும் உயிர், மோயாற்றிலும் காவிரியிலும் ஏதோ கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மீன் அதன் சாப்பாடு, நமக்குப் பொழுதுபோக்கு. அறுந்த நரம்பை மட்டும் அரை மணி நேரம் தேடினேன், தண்ணீருக்குள்ளேயே போய்விட்டது போல, அது எதன் கழுத்தில் சிக்குமோ என்று இன்னும் உறுத்தல்.

மத்தியானம் விசைப்படகு ஏறி அக்கரைக்கு, பூலாம்பட்டிக்கு. ஒரு அக்கா கடையில் மீன் வறுவல், மசாலா கருகாமல் மேலே மொறுமொறு, உள்ளே மெத்து. பிடித்த மீனைத் தோற்றுவிட்டு காசு கொடுத்து மீன் தின்றோம், இரண்டு பேருக்கும் 280 ரூபாய். ஆட்டோவை விடக் குறைவு, கவனிக்கவும்.

எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். பவானி–மேட்டூர் ரோட்டில் நெரிஞ்சிப்பேட்டை வரை போகிற பஸ்ஸாகக் கேட்டு ஏறுங்கள், அம்மாபேட்டையில் இறங்கித் தொலைக்காதீர்கள், அவ்வளவுதான்.

மாப்பிள்ளைக்கு வீடியோ அனுப்பினேன். கை நடுங்கி எடுத்தது, தண்ணீரில் ஐந்து கறுப்புப் புள்ளி. "தேங்கா மட்டையா மச்சான்?" என்று கேட்கிறான்.